தோளில் சாமி, வயிற்றில் காபி

எங்கள் தெருவில் சாமி தூக்குகிறவர்களுக்கு ஒரு விரதம் உண்டு. விடியக்காலையில் தலைக்குக் குளித்து ஈரவேட்டியோடு தண்டைத் தொட்ட நேரத்திலிருந்து, ஊர்வலம் முடிந்து சாமி கோயிலுக்குள் இறங்குகிற வரைக்கும் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீரும் கூடாது. காபி மட்டும் குடிக்கலாம்.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் யார் என்று யாருக்கும் தெரியாது. பெரிய காபிப் பிரியராக இருந்திருப்பார், அதற்கு மேல் சொல்ல முடியாது. தண்ணீர் ஏன் கூடாது என்பதற்கு மட்டும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் குடித்தால் ஒண்ணுக்கு வரும். ஒண்ணுக்குப் போனால் மறுபடியும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் தண்டைத் தொட வேண்டும். நடுத்தெருவில் சாமியை நிறுத்திவிட்டு யார் போய்க் குளிப்பது? காபியும் அதே வேலையைத்தானே செய்யும் என்று ஒருதடவை கேட்டேன். "உனுக்கு எதுலதான் விளையாட்டு இல்ல" என்று சொல்லிவிட்டு, ஆளுக்கு இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வீடு காபி வரும். தேங்காய் உடைத்து கற்பூரம் காட்டின கையோடு, தூக்குகிறவர்களுக்கு ஒரு தட்டு நிறைய டம்ளர். கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியான காபி. வேண்டாம் என்றால் அந்த வீட்டம்மாவுக்கு முகம் விழுந்துவிடும். பங்குனி வெயிலில், வெறும் வயிற்றில், தார் ரோட்டில் செருப்பில்லாமல் சாமியைச் சுமந்துகொண்டு, தெருமுழுக்கக் காபி குடித்தபடி போவார்கள். ஊருக்கே இது பெருமை. ஒரு டாக்டர் பார்த்தால் அங்கேயே மயங்கி விழுவார்.

தண்டு என்பது வாகனத்துக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளமாகக் கட்டுகிற மரம். அதன் கீழே ஒவ்வொரு தோளுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் ஒரு குடும்பத்துக்குச் சேர்ந்தது. ஒரு வருஷம் அந்தக் குடும்பத்துத் தோள் வரவில்லை என்றால், வேறு வீட்டுத் தோள் வந்து நிற்கும். அதற்கப்புறம் கேட்டு வாங்க முடியாது. இடது பக்கம், முன்னாலிருந்து இரண்டாவது இடம் என் மச்சானுடையது. என் மனைவிக்கு அண்ணன். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறுகின உடம்பு. முதுகு மட்டும் பார்த்தால் இளவட்டம் என்பீர்கள்.

நான் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவன். மெத்தையில் உட்கார்ந்து, முந்தானையை வீசிப் போட்டு, "உங்க கலருக்கு இது சும்மா எடுத்துக் காட்டும்மா" என்று பேசுகிற உத்தியோகம். என் உடம்பில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே தசை நாக்கு. ஒவ்வொரு வருஷமும் மச்சான் தூக்குவார், நான் பக்கத்தில் விசிறியோடு நடந்து வந்து ஜோக் அடிப்பேன். அதற்கும் எனக்குக் காபி உண்டு.

போன வருஷம் சாமியை இறக்கி வைத்துவிட்டு மச்சான் வந்து கோயில் வாசல் படியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாப்ள, இன்னொரு சுத்து போலாம் போல இருக்குதுபா. ஒடம்பு பஞ்சு மாரி இருக்குது."

"சாமிக்கு டயர்டா இருக்கும் மச்சான். போய்க் கேட்டுக்கினு வா."

சிரித்தார். சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்தார். கனமாக இருந்தார்.

"நான் தண்டு இல்ல மச்சான், எறங்கு" என்றேன். பதில் இல்லை. நான் இன்னொரு ஜோக் சொன்னேன். எனக்குக் கல்யாணமானதிலிருந்து என் ஜோக்குக்கு அவர் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. எதிரே நின்ற பூக்காரம்மா கத்தினபிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மனுஷன், பொறுமையாகச் சொன்னார். இதயத்துக்குப் போகிற குழாயில் ரொம்ப நாளாகவே அடைப்பு இருந்திருக்கலாம். பட்டினி, வெயில், தண்ணீர் குடிக்காதது, அத்தனை பாரம், அத்தனை காபி. இதில் எது கொன்றது என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். தெருவில் பிரித்துச் சொல்வதற்கு ஆள் இருந்தார்கள். "சாமியே கூட்டிக்கினு போயிட்டார், யாருக்குக் கெடைக்கும்" என்றார்கள். கிடைத்தவர் வீட்டில் மட்டும் அப்படிப் பேசவில்லை.

மச்சான் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்து ஊர் மாகறலில் பிறந்து இங்கே வாழ வந்தவர். அதிகம் பேச மாட்டார். காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த மறுநாள், என்னைத் தறிக்கூடத்துக்குக் கூப்பிட்டார். பாதி நெய்த புடவை தறியில் அப்படியே இருந்தது.

"தம்பி, நீதான பக்கத்துல இருந்த. வலிக்குதுன்னு மொகத்துல எதனா தெரிஞ்சிதா?"

"இல்லக்கா. சிரிச்சிக்கினு இருந்தார்."

"சிரிப்பார். கன்னம் வீங்கினப்பகூட பல்லுவலின்னு வாயத் தொறக்காத மனுசன் அவுரு. தாடி வளத்து அதுக்குள்ள வீக்கத்த மறைச்சிக்கினு திரிஞ்சார். காத்தாலயே வலிச்சிருக்கும். எங்கிட்ட சொன்னா போவாதன்னு சொல்லுவேன்னு அமுக்கிக்கினு போயிருக்கார்."

"அப்டிலாம் இருக்காதுக்கா."

"உனுக்கு எப்டித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது.

"தெரியாம போயிருந்தா அது விதின்னு அழுவேன். தெரிஞ்சே போயிருந்தா என்னை வேணாம்னு வுட்டுட்டுப் போன மாரி. எதுன்னு தெரியாம எனுக்கு அழுவக்கூட வரல தம்பி."

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் அதே கேள்விதான். தெருக் குழாயடியில் கேட்டார். ரேஷன் கடை வரிசையில் கேட்டார். வேறு வேறு வார்த்தையில் கேட்பார், ஒரு சமயம் கண்ணாலேயே கேட்பார். நான் ஜோக் அடித்துத் தப்பிக்கப் பார்ப்பேன். அவர் சிரிக்கும்வரை காத்திருப்பேன். சிரிக்கவே மாட்டார்.

இந்த வருஷத் திருவிழா கிட்டே வந்தது. மச்சானுடைய தம்பிக்குத்தான் இடம் போக வேண்டும். ஆனால் பங்காளிக்கு வருஷம் திரும்புகிறவரை தீட்டு. வருஷம் திதியில் திரும்பும், திருவிழா நட்சத்திரத்தில் வரும். இந்தத் தடவை நட்சத்திரம் முந்திக்கொண்டது. பெண் எடுத்தவனுக்குத் தீட்டு கிடையாது. இப்படியாக, பஞ்சாங்கத்தில் விழுந்த ஒரு சின்ன இடைவெளியில் நான் போய் மாட்டினேன்.

"எடம் காலியா வுடக் கூடாது. நீ நில்லு தம்பி" என்றார் அக்கா.

என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். "எங்க அண்ணன் போன எடத்துல இவரையும் நிறுத்தி வெக்கணுமா அண்ணி? இவரு சிலிண்டர நகத்தறதுக்கே ஆள் கூப்புடுவார்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கடையில் 'இல்லை' என்று சொல்லிப் பழகாத வாய். "சரிக்கா" என்றது. உடம்பின் மற்ற பாகங்களை அது கலந்தாலோசிக்கவில்லை.

அன்றைக்கே பயம் ஆரம்பித்துவிட்டது. பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. சட்டைப் பையில் கை விட்டால் இதயத்தைத் தடவிப் பார்ப்பது, கக்கூஸில் உட்கார்ந்து நாடி பிடிப்பது, ஏப்பம் வந்தால் மனைவி மக்களை ஒருதடவை பார்த்துக்கொள்வது, அந்த ரகம். ஏனாத்தூர் ரோட்டில் காலேஜ் பிள்ளைகள் போகிற ஜிம் ஒன்று இருந்தது. அதில் சேர்ந்தேன். மாஸ்டர் என் தொப்பையை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். பழைய வீட்டை விலைக்குக் கேட்கிறவர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"என்னாத்துக்கு சார் ஃபிட்டாவணும்?"

"சாமி தூக்கறதுக்கு."

"எவ்ளோ வெயிட்?"

"சாமிய நிறுத்துப் பாத்தது இல்லபா."

அவர் சிரிக்காமல் எழுதிக்கொடுத்த பயிற்சியைச் செய்தேன். தோளில் இரும்பை வைத்து நடப்பேன், இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் பசங்கள் கனத்தைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு கப்பில் கருப்பாக எதையோ குடிப்பார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடிப்பார்கள். கேட்டால், காபி. பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல்.

"போட்டிக்கு ஓடறவங்க, வெயிட் தூக்கறவங்க நெறைய பேரு குடிப்பாங்க சார்" என்றார் மாஸ்டர். "கொஞ்ச நேரம் கூடத் தாக்குப் பிடிக்கலாம்."

"பலம் வருமா?"

"பலம் எங்க சார் வருது? இருக்கற பலம்தான். கஷ்டம் கம்மியா தெரியும், அவ்ளோதான். போதும்பான்னு ஒடம்பு சொல்றது மண்டைக்கு லேட்டா போய்ச் சேரும். நல்லா தின்னு, தண்ணி குடிச்சி, அளவா எடுத்தா ஒன்னியும் ஆவாது."

"வெறும் வயித்துல, தண்ணியில்லாம, வெயில்ல, வீட்டுக்கு வீடு குடிச்சா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பைத்தியக்காரன் சார் அப்டிக் குடிப்பான்?"

இரும்பைக் கீழே வைத்துவிட்டேன். போதும்பான்னு உடம்பு சொல்வது லேட்டாகப் போய்ச் சேரும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அது காதிலேயே இருந்தது. மச்சானுடைய உடம்பு சொல்லியிருக்கும். தெருமுழுக்கச் சொல்லிக்கொண்டே வந்திருக்கும். அது போய்ச் சேர்ந்ததா, சேரவே இல்லையா? சேர்ந்தும் அவர் தாடிக்குள் மறைத்தாரா? அக்கா கேட்டது இதைத்தான். இது எந்தப் போனிலும் போட்டுப் பார்க்க முடியாத கேள்வி. போட்டும் பார்த்தேன். காபி அதிகமானால் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை என்று வந்தது. அன்றைக்கே மூன்றும் எனக்கு வந்துவிட்டன, காபி குடிக்காமலே.

ஒரு முடிவுக்கு வந்தேன். சாமி தூக்குவேன். காபி குடிக்க மாட்டேன். உடம்பு சொல்வது உடனுக்குடன் வந்து சேர வேண்டும். சேர்ந்ததும் தண்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். "டக்குனு நிறுத்தாதீங்க சார், தலைவலி பின்னி எடுத்துடும்" என்று மாஸ்டர் சொன்னார்தான். கடையில் பார்ட்டிக்குப் பார்ட்டி ஒரு காபி குடிக்கிற ஆள் நான். திருவிழாவுக்கு முந்தின நாளே ஒரே அடியாக நிறுத்தினேன். தைரியசாலிகள் மெதுவாக நிறுத்தட்டும், எனக்கு அவசரம்.

மறுநாள் விடியும்போது யாரோ என் இரண்டு கண்ணுக்கும் பின்னால் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் மண்டை அதிர்ந்தது. மனைவி வேட்டி மடிப்பில் ஒரு பொட்டலம் செருகினாள். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையாம், அவளாக மருந்துக்கடையில் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"முடியலன்னா வந்துடுங்க. மானம் போனா போவட்டும்."

"எனக்கு அது எப்பவோ போயிடுச்சிமா" என்றேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மச்சான் இடத்தில் போய் நின்றேன். மடித்த துண்டைத் தோளில் போட்டு, அதன்மேல் தண்டு இறங்கியது. இத்தனை வருஷம் பக்கத்தில் நடந்து வந்திருக்கிறேன். இவ்வளவு கனம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

பாரம் பழகும் என்றார்கள். பழகவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று முதல் தெரு திரும்பும்போதே வந்தது. மாரடைப்பு என்றால் இடது தோள் வலிக்கும், இடது கை மரத்துப்போகும், வியர்க்கும், மூச்சு வாங்கும் என்று படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தண்டு என் இடது தோளில். வலித்தது. கை மரத்துப்போயிருந்தது. வியர்த்துக் கொட்டியது. மூச்சு வாங்கியது. அத்தனை அறிகுறியும் அச்சு அசலாக இருந்தன. முன்னால் போனவனைப் பார்த்தேன், அவனுக்கும் எல்லாம் இருந்தது. ஒரு தண்டுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மாரடைப்பு. இதில் என்னுடையது நிஜமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"வலது பக்கம் மாத்திக்கலாமாபா?" என்று கேட்டேன்.

எனக்குப் பின்னால் நின்றவர் தறி வைத்து நடத்துகிறவர், நல்ல உயரம், வாய் அதைவிட உயரம். "இன்னாத்துக்கு நைனா?"

"சும்மா, ஒரு டெஸ்ட்டுக்கு."

"தண்டு உன் மேல இருக்குதா, நீ தண்டு மேல தொங்கிக்கினு வர்றியா? அத மொதல்ல டெஸ்ட் பண்ணு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு முழங்கால் மடங்க ஆரம்பித்திருந்தது. தண்டுக்குக் கீழே ஒருவன் அரை அங்குலம் குனிந்தால், அவனுடைய பாரம் காற்றில் போவதில்லை, பின்னால் இருக்கிறவன் தோளில் போய் உட்காரும். வீடு வீடாகத் தட்டில் டம்ளர் வந்தது, நான் தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றேன். அந்த ஆட்டத்துக்கே தலை பிளந்தது. காபி குடித்தவர்கள் எல்லாம் தவிலோடு காலை எடுத்து வைத்துப் போனார்கள். என் கால் மட்டும் ஒரு அடி தள்ளியே விழுந்தது. வாகனம் என் பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. மேலே நின்ற குருக்கள் ஒரு கையால் சாமியையும் இன்னொரு கையால் தன்னையும் பிடித்துக்கொண்டு, "யாருப்பா அது எடது பக்கம்?" என்றார்.

மச்சான் வீடு வந்தது. தீட்டு வீடு, தட்டு கிடையாது, சாமி நிற்காது. கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் அக்கா நின்றிருந்தார். எல்லாரும் சாமியைப் பார்ப்பதற்குத் தலையைத் தூக்குவார்கள். அக்கா தூக்கவில்லை. தண்டுக்குக் கீழே, நான் இருந்த அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இளிக்கப் பார்த்தேன். அதற்குக்கூட தெம்பு இல்லை.

அந்த வீட்டைத் தாண்டின நாலாவது ஐந்தாவது அடியில் என் முழங்கால் நிஜமாகவே போய்விட்டது. பின்னால் இருந்தவர் "ஐயோ" என்றார், திட்டாமல் "ஐயோ" என்றார். திரும்பிப் பார்த்தேன். அவர் கழுத்து நரம்பு புடைத்து, கண் செருகியிருந்தது. என் பங்கு முழுக்க அவர்மேல். அவரும் என்னை மாதிரி ஐம்பதை எட்டுகிற ஆள். அவருக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

அடுத்தது தெலுங்கு பேசுகிற நெசவுக்காரர் வீடு. சாமி நின்றது. அந்த வீட்டம்மா தட்டை நீட்டினார். "தீஸ்கோண்டி அன்னா, எடுத்துக்கோங்க, முகம் வாடிப்போச்சு."

எடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தேன். இன்னொன்று எடுத்தேன். அதற்கடுத்த வீட்டிலும் எடுத்தேன்.

"இப்பதான்யா மனுசன்" என்றார் பின்னால் இருந்தவர்.

கொஞ்ச தூரம் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தலைக்குள் நெய்துகொண்டிருந்தவர் எழுந்து போய்விட்டார். அடுத்து தோள் வலி தூரத்தில் போனது. அடுத்த தெருவில் வேறு யாருக்கோ வலிக்கிற மாதிரி ஆனது. கால் தவிலைக் கண்டுபிடித்துக்கொண்டது. வாகனம் நிமிர்ந்தது. கும்பலில் யாரோ "ஆஹா" என்றார்கள். வெயில் ஏறி தார் கொப்புளித்தது, பாதம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் தவிலுக்கு ஈடாக உரக்கக் கூவினேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் உடம்பு நான் சொன்னதைக் கேட்டது. இன்னொரு சுற்று போகலாம் போல இருந்தது.

அந்த நினைப்பு வந்ததும் எனக்கு ரத்தம் உறைந்தது. இது என் நினைப்பு இல்லை. இது மச்சான் சொன்னது, படியில் உட்கார்ந்து, என் பக்கத்தில். பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். எனக்கும் பஞ்சு மாதிரிதான் இருந்தது. முதல் தெருவில் எனக்கு எல்லா அறிகுறியும் இருந்தது, இப்போது ஒன்றுகூட இல்லை. உடம்பு போதும்பா போதும்பா என்று கத்திக்கொண்டிருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. நெஞ்சு மட்டும் தவிலை முந்திக்கொண்டு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது.

"எறக்குங்கபா!" என்று கத்தினேன். "என்னை மாத்துங்க! எனுக்கு ரொம்ப நல்லா இருக்குது!"

"நல்லா இருந்தா நட நைனா."

"ஐயோ, வலிக்கவே இல்லபா! ஒன்னியும் வலிக்கல!"

"சாமி அருள் வந்துடுச்சிடா இவனுக்கு" என்றார் முன்னால் போனவர். தவில்காரர் உற்சாகமாகி இரண்டு தட்டு கூடத் தட்டினார். பக்கத்தில் ஓடிவந்த ஒரு பாட்டி என் நெற்றியில் விபூதி பூசிவிட்டாள். நான் உயிர்ப்பயத்தில் அழுதேன். அதைப் பார்த்து நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஜோக் அடித்தே பிழைத்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான சாவு கிடையாது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறான், ஒருத்தர்கூட நம்பவில்லை.

எப்படியோ கோயில் வந்தது. சாமி இறங்கியது. எல்லாரும் படியில் போய் உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. பிரகாரத்தைச் சுற்றி நடந்தேன். "உக்காருப்பா" என்றார்கள். "உக்காந்தா செத்துடுவேன்" என்றேன். சிரித்தார்கள். பின்னால் நின்றவர் மட்டும் சிரிக்கவில்லை. அவரும் எழுந்து வந்து என்கூடவே நடந்தார்.  இரண்டு பேரும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு சுற்றினோம். என் மனைவி தூரத்தில் நின்று, நான் ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூச்சு விட்டாள்.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் சோறு இறங்கியது. தூக்கம் வரவில்லை. உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்தது. பொழுது சாயும் நேரத்தில் வலி வந்தது. தோள், கழுத்து, இடுப்பு, பாதம் என்று எங்கெங்கேயோ தங்கியிருந்ததெல்லாம் சொல்லிவைத்த மாதிரி ஒன்றாக வந்தது. தோள் வீங்கி பன் மாதிரி உப்பியிருந்தது. பாதத்தில் கொப்புளம் கொப்புளமாக, எப்போது வந்ததென்றே தெரியாமல். மனைவி தவிடு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். நான் கத்திய கத்தல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் நின்றிருந்தார். தீட்டு நாளில் யார் வீட்டுக்கும் வராதவர்.

"வலிக்குதா தம்பி?"

"உயிர் போவுதுக்கா."

"எப்போலேந்து?"

"இப்பதான்க்கா. இவ்ளோ நேரம் ஒன்னுமே தெரியல."

"தூக்கும்போது?"

மனைவியின் கை நின்றது. நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"மொதல்ல வலிச்சிது. அப்ப நான் காபி குடிக்கல. உங்க வீட்ட தாண்டினப்புறம் முடியாம குடிச்சேன். அதுக்கப்புறம் வலியே இல்லக்கா. மறைக்கறதுக்கு வலின்னு ஒண்ணு இருக்கணும் இல்ல? அது இல்ல. சந்தோசமா இருந்துச்சி. இன்னொரு சுத்து போலாம் போல இருந்துச்சி. மச்சானும் படியில உக்காந்துக்கினு இதத்தான் சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை இதத்தான் சொன்னார். அவுருக்குத் தெரியலக்கா. தெரிஞ்சே போவல."

சத்தியமாக அப்படித்தானா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. என் உடம்பு வேறு, அவர் உடம்பு வேறு. ஆனால் அந்த வருஷம் முழுக்க நான் அக்காவுக்குச் சொன்னதில், வெறும் வாயால் சொல்லாமல் உடம்பால் தெரிந்துகொண்டு சொன்னது இது ஒன்றுதான்.

 அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். கோபமாகத்தான் பேசினார்.

"அப்போ போவாதன்னு நான் சொல்லியிருந்தாலும் சிரிச்சிக்கினேதான போயிருப்பார்."

"ஆமாக்கா."

"நடு வழில நிறுத்தியிருந்தாலும் நின்னிருக்க மாட்டார்."

"நல்லா இருக்குது, நீ இன்னாத்துக்குப் பயப்புடறேன்னு கேட்டிருப்பார்."

"ஒரு தெரு நெறைய ஜனம். அவுருக்கு ஒருத்தர் விடாம காபி குடுத்தோம்" என்றார். "எங்க வூட்டுக் காபியும்தான். ஸ்ட்ராங்கா போட்டு நானே கொண்டாந்து குடுத்தேன். தெம்பா இருக்கட்டும்னு."

என் மனைவி ஒத்தட மூட்டையைப் போட்டுவிட்டுப் போய் அவரைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அக்கா அழுதார். ஒரு வருஷத்து அழுகை. அண்ணியும் நாத்தியும் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து அழ, நான் சட்டையில்லாமல் ஒரு பக்கத் தோள் மட்டும் உப்பின ஆளாக, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நாலைந்து ஜோக் வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

இருட்டுகிற நேரத்துக்கு அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அடுத்த வருசம் அவுரு தம்பி தூக்கட்டும். எங்க வூட்டுக் காபி கெடையாது. தண்ணிதான் குடுப்பேன். ஒண்ணுக்கு வந்தா போயிட்டு, குளிச்சிட்டு வந்து தூக்கட்டும், அதுவரைக்கும் சாமி நிக்கட்டும். யாரு இன்னா சொன்னாலும் சரி."

"ஒத்துக்க மாட்டாங்கக்கா" என்றேன்.

"ஒத்துக்க மாட்டாங்க" என்றார் அவரும்.

படியிறங்கும்போது என் தோளைப் பார்த்தார். கையை நீட்டி, வீக்கத்தின்மேல் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். நான் அலறினேன். அக்கா கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி, மச்சான் ஒரு நாளும் போடாத அந்த அலறலைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.